கிடைத்த இடத்தையும் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் வாங்கிய மெட்டல் டிடெக்டருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்துக் கொல்லைகளிலும் கோட்டை அடிவாரங்களிலும் சுற்றும் இளைஞர்களைச் சில காலமாகப் பார்த்து வருகிறேன். அவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பது மதுப்பாட்டில் மூடியும் துருப்பிடித்த ஆணியும்தான். எப்போதாவது கிடைக்கும் நல்ல பொருள் என்ன ஆகிறது என்பதே என் கவலை.

சென்ற ஆண்டு காவேரிப்பட்டணத்துக்கு அருகில் என் உறவினர் ஒருவரின் கொல்லையில், ஆடி உழவுக்குப் பின், இத்தகைய கருவியின் உதவியால் ஐந்து வெள்ளித் துண்டுகள் எடுக்கப்பட்டன. நான் கேள்விப்பட்டுப் போவதற்குள் அவை ஒரு வெள்ளிப் பட்டறையில் எடைக்கு விற்கப்பட்டு, உருக்கப்பட்டும் விட்டன. மிஞ்சியது, மொத்தம் 17 கிராம் என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே. வட்டமாகவும் இல்லாமல் சதுரமாகவும் இல்லாமல், மூலை நறுக்கப்பட்டு, மேலே சூரியன் போன்ற குறி பதிந்திருந்தது என்று உறவினர் சொன்னதையும், ஒன்றுக்கு 3.4 கிராம் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய முத்திரைக் காசுகளாக இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடை கூடினால் மூலையை வெட்டிச் சரிசெய்து, குறிகளைத் தனித்தனியாக அடித்துப் பதித்த காசுகள் அவை. நல்ல விலை கிடைக்கும் என்று புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு போனார்களாம்! கீழடியில் 2021ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த ஒரு வெள்ளி முத்திரைக் காசு எவ்வளவு பேசப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

வேறொருவர் ராயக்கோட்டைப் பக்கம் எடுத்ததாக ஒரு பித்தளைப் பக்கிளைக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் 1791இல் திப்புவின் படையிடமிருந்து பிடித்தனர். 1792 உடன்படிக்கையால், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் முழுவதும் கும்பினியிடம், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், வந்தது. பின்னரும் அங்கே கும்பினிப் படை தங்கியிருந்தது. அந்தப் பக்கிள் சண்டையில் அறுந்து விழுந்த வாரினுடையதா, பல ஆண்டுகள் கழித்துக் காவலில் இருந்த சிப்பாய் தூக்கி எறிந்ததா என்பதை, எந்தச் சரிவில், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் ஈயக் குண்டுகள் கிடந்தனவா என்பதை வைத்துத்தான் ஓரளவாவது சொல்ல முடியும். அவருக்கோ எந்த இடம் என்பதே மறந்துபோயிருந்தது. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பழமையைக் கி.மு. 2172 வரை கொண்டுசென்றது, இரும்பு கிடைத்த மண்ணடுக்கிலிருந்து எடுத்த கரியின் காலக்கணிப்புதான். அந்த இரும்பை மட்டும் யாராவது பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். தெரிவிக்காவிட்டால் சிறைத் தண்டனையும் உண்டு. தண்டனையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் அதே சட்டத்தில் பங்கு உண்டு என்பது யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் காசு கிடைத்தவர் முதலில் பட்டறைக்கு ஓடுகிறார். பொருளின் விலையை அளவுகோலாக வைத்த இந்தச் சட்டத்தின் கண்ணில், உடைந்த பித்தளைப் பக்கிள் படவே படாது.

இங்கிலாந்திலும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள்களை 14 நாள்களுக்குள் தெரிவிப்பது கட்டாயம். ஆனால் பக்கிள், பொத்தான், தனியாகக் கிடைத்த காசு போன்றவற்றைக் கண்டெடுத்தவர்கள் தாங்களாகவே முன்வந்து பதிவு செய்ய 1997இல் தனித் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. வட்டாரந்தோறும் ஓர் அலுவலர் பொருளைப் பார்த்து, படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரும்பாலும் பொருளை உரியவரிடமே திருப்பித் தருகிறார். இப்படிப் பதிவானவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. அங்கே செல்லுபடியாகும் எல்லாம் இங்கே செல்லும் என்பதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் அனுமதியின்றித் தோண்டுவது இங்கே குற்றம், அது அப்படியே இருக்கட்டும். உழுத கொல்லையில் மேலெழுந்து வரும் பொருளுக்காவது பயமில்லாமல் பதிவு செய்யும் ஓர் ஏற்பாடு வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு அருங்காட்சியகங்களில் மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். சர்வே எண், ஆழம், கிடைத்த தேதி என்று மூன்று வரி எழுதி வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். காசு கிடைத்த செய்திகளுக்குப் 'புதையல்' என்று தலைப்புக் கொடுத்து, சந்தை மதிப்பு எத்தனை லட்சம் என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு செய்தி வந்த மறுவாரமே எங்கள் ஊர் ஏரிக்கரையில் இரவில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.