ஒரு சிட்டிகை போதும்: வழிபாட்டுத் தலங்களை நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கோயில் அறங்காவலர்களுக்கும், பங்குத்தந்தையர்க்கும், விகாரைகளின் தலைமைப் பிக்குகளுக்கும், தர்காக்களைப் பராமரிப்போருக்கும் வணக்கம்.

உங்கள் தலங்களில் எரியும் தூபத்தைப் பற்றி எழுதுகிறேன். அதை நிறுத்தச் சொல்வது என் நோக்கமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெய்வத்தின் முன் மனிதர் செய்துவரும் மிகப் பழைய செயல்களுள் தூபமும் ஒன்று. அது நிலைக்க வேண்டும் என்ற அக்கறையே இந்த மடலை எழுத வைத்தது.

இன்று பெரும்பாலான இடங்களில் எரிவது எது? மூங்கில் குச்சி, கரித்தூள், மரப்பட்டைப் பசை, அதன் மேல் தோய்த்த செயற்கை வாசனைத் திரவம். அந்தத் திரவத்தை நீர்க்கச் செய்ய டைஎத்தில் தாலேட் என்ற வேதிப்பொருளைப் பலர் கலக்கிறார்கள். உறையில் சந்தனம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சந்தன மரத்தின் துகள்கூட இல்லாமல் இருக்கலாம். அதைத்தான் கட்டுக் கட்டாகக் கொளுத்துகிறோம். கும்பிட வந்தவர் இருமிக்கொண்டே கும்பிட்டுவிட்டு வெளியேறுகிறார்.

தூபம் எப்போதும் இப்படி மலிந்து கிடந்ததில்லை. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அரசி ஹட்செப்சுட், புண்ட் நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பி, நறுமண மரங்களை வேரும் மண்ணுமாகக் கூடைகளில் வரவழைத்தாள். தேர் எல் பஹ்ரியில் அவள் எழுப்பிய கோயிலின் சுவரில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இஸ்ரேலில் தெல் அராத் என்ற இடத்தில் கி.மு. 8ஆம் நூற்றாண்டுப் பலிபீடங்கள் இரண்டு கிடைத்தன. அவற்றின் மேல் ஒட்டியிருந்த கரும்படிவத்தை ஆராய்ந்து, பெரிய பீடத்தில் எரிந்தது குந்திரிக்கம் என்று 2020-இல் உறுதி செய்தார்கள். ஒரு சிறு கோட்டைக்குள் இருந்த வழிபாட்டிடத்துக்கு, தென் அரேபியப் பகுதியிலிருந்து பாலைவனம் கடந்து வந்த பிசின் அது.

நம் குங்கிலியக்கலய நாயனாரை நினைத்துப் பாருங்கள். வறுமை முற்றி, நெல் வாங்கி வரும்படி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை வழியில் கண்ட வணிகனிடம் கொடுத்துவிட்டுக் குங்கிலியப் பொதியை வாங்கிக்கொண்டு திருக்கடவூர்க் கோயிலுக்குப் போனவர் அவர். பிள்ளைகள் பசித்திருக்கையில் அது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தூபம் என்பது கொடுப்பவருக்கு வலிக்கும் அளவுக்கு அரிய பொருளாக இருந்தது என்பதை அந்தக் கதையைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தவில்லை.

அரியது என்பதால் அளவும் சிறிதாக இருந்தது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டீசியஸ், குடிமக்கள் எல்லோரும் தேவர்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். கனலில் கொஞ்சம் தூபமிட்டுத் தப்பித்த கிறிஸ்தவர்களைச் சக கிறிஸ்தவர்கள் தனிப் பெயரிட்டு ஒதுக்கிவைத்தார்கள். மறுத்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். விரல் நுனியில் அடங்கும் பிசினுக்கு அவ்வளவு கனம் இருந்தது. இன்றும் ஜப்பானியப் பௌத்த இறுதிச் சடங்கில், வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை தூபத் தூளை எடுத்து, பல பிரிவுகளில் நெற்றியருகே உயர்த்திவிட்டு, கனலில் இடுகிறார். இறந்தவருக்கு அது குறைந்துபோயிற்று என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை.

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த மெசோஅமெரிக்காவின் மாயர்களும் அஸ்டெக்குகளும் கோபால் பிசினை எரித்தார்கள். குவாத்தமாலாவின் சிச்சிகாஸ்தெனாங்கோவில் தேவாலயப் படிகளிலேயே இன்றும் அந்தப் புகை எழுகிறது. பார்சிகள் புனித நெருப்புக்குச் சந்தனம் இடுகிறார்கள். இஸ்லாமிய நாடுகளில் தொழுகையின் கட்டாய அங்கமாக இல்லாவிட்டாலும், பள்ளிவாசல்களை அகில் கட்டையால் மணக்கச் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத மக்களும் மரத்தின் கண்ணீரை நெருப்பிலிட்டு மேலே அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு வந்து சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த மரங்களின் நிலையை நீங்கள் அறிய வேண்டும். ஓமானின் தோஃபார் மலைகளில், குந்திரிக்கம் தரும் போஸ்வெல்லியா மரத்தின் பட்டையைச் சிறு கத்தியால் உள்ளங்கையளவுகூட இல்லாமல் சீவுவார்கள். வெள்ளைப் பால் முத்து முத்தாகக் கசியும். இரண்டு வாரம்போல் காற்றிலும் வெயிலிலும் உறையவிட்டுச் சுரண்டி எடுத்தபின், அதே இடத்தை மறுபடி சீவுவார்கள். முதல் கசிவு மட்டம். அடுத்தடுத்து வருவதுதான் நல்ல சரக்கு. மரம் ஓய்வெடுக்கப் பருவம் விட வேண்டும் என்பது பரம்பரை அறிவு. தேவை பெருகியதும் பல நாடுகளில் அந்த ஓய்வு பறிபோயிற்று. ஓயாமல் கீறப்படும் மரம் விதை குறைவாகக் கொடுக்கிறது. கொடுத்த விதையும் சரியாக முளைப்பதில்லை. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடானில் வளரும் போஸ்வெல்லியா பாப்பிரிஃபெரா மரங்களைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஆய்வு, தாங்கள் பார்த்த மரக்கூட்டங்களில் முக்கால் பங்குக்கும் மேலானவற்றில் இளங்கன்றுகளே இல்லை என்றது. மேய்ச்சலும் தீயும் வண்டும் மிச்சமிருப்பதை அழிக்கின்றன. 20 ஆண்டுகளில் பிசின் விளைச்சல் பாதியாகிவிடும் என்று அந்த ஆய்வு கணித்தது. அகில் தரும் அக்விலேரியா மரங்கள் அனைத்தும் 2004-இல் எடுத்த முடிவின்படி அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

அடுத்து, மனிதரின் நுரையீரல். சிங்கப்பூர்ச் சீனர்கள் 60,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. நெடுங்காலம் தூபப் புகையில் வாழ்ந்தவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் ஒருவகைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அது கண்டது. புகையில் நுண்துகளும் பென்சீனும் இருக்கின்றன. அசல் பிசின் என்றால் புகை தீங்கற்றது என்று நானும் சொல்லமாட்டேன். ஒரு நாள் வந்து போகும் அடியவருக்கு ஆபத்து குறைவு. கருவறையின் உள்ளே நாள் முழுதும் நிற்கும் அர்ச்சகரையும், தூபகலசம் ஏந்தும் பீடச் சிறுவனையும், இரவில் சாம்பலைக் கூட்டும் பணிப்பெண்ணையும்தான் நினைக்கிறேன். அவர்கள் உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள்.

தைவான் தலைநகர் தைபேயின் சிங்தியான் கோயில் 2014 ஆகஸ்டில் தூபச் சட்டிகளை அகற்றி, கைகூப்பினால் போதும் என்று அறிவித்தது. அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் 2017 ஜூலையில், அரசு தூபத்தைத் தடைசெய்யப் போகிறது என்ற பேச்சுப் பரவியதும், தைவானின் பல கோயில்களிலிருந்து மக்கள் தெய்வத் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டு தலைநகரின் தெருவுக்கு வந்தார்கள். அவர்களின் கலக்கமும் எனக்குப் புரிகிறது. முழுத் தடை பலருக்கு வழிபாட்டின் உடலையே வெட்டுவதாகப் படும். அதற்கு முன்னால் செய்யக்கூடியவை ஏராளம்.

கரித்துண்டு செக்கச்சிவந்திருக்கும்போது பிசினை அள்ளிப் போடாதீர்கள்; அது கருகித் தொண்டையைத்தான் அறுக்கும். மேலே சாம்பல் வெள்ளையாகப் பூத்தபின் கடுகளவு வையுங்கள். ஓரம் இளகிப் பளபளக்கும், சிறு குமிழ்கள் கிளம்பும், மெல்லிய ஒற்றை இழையாகப் புகை எழும். கூடம் மணக்க அது போதும். ஜப்பானில் இதையும் தாண்டிய முறை உண்டு: கனலைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே மைக்காத் தகடு வைத்து, அதன் மேல் அகில் சில்லைச் சூடாக்குவார்கள். மரம் எரிவதில்லை, புகை அநேகமாக இல்லை, மணம் மட்டும் வருகிறது. சிறிய, மூடிய சன்னிதிகளுக்கு இது மிகப் பொருத்தம்.

ஆளுக்கொரு கட்டு என்பதை மாற்றி, எல்லோர் சார்பிலும் ஒரே தூபக்கால் என்று வையுங்கள். அடியவர் தம் கையாலேயே இட வேண்டுமென்றால், ஒரு கிண்ணத்தில் பிசினை வைத்து ஒரு சிட்டிகை எடுக்கச் சொல்லுங்கள். சாளரத்தைத் திறந்து வையுங்கள். புகையருகே நிற்பவர்களை முறை மாற்றி நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களின் நுரையீரலைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். அளவு குறைந்தால் மிஞ்சும் பணத்தில் அசல் சரக்கை வாங்கலாம். மரத்துக்கு ஓய்வு விடும் சேகரிப்பாளர்களிடமிருந்து அது வருகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பெரிய தலங்கள் கேட்கத் தொடங்கினால் வணிகர்கள் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், தூபப் பொருள் வாங்கிய ரசீதுகளை மேசைமேல் எடுத்து வையுங்கள். எந்த மரம், எந்த நாடு, என்ன கலந்தது என்ற மூன்று கேள்விகளையும் விற்பவருக்கு எழுத்தில் அனுப்பி, வரும் பதிலை அடியவர் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

மரியாதையுடன்,
தூபத்தின் முன் கைகூப்பும் ஒருவர்