குல்மார்க் போகும் மகளுக்கு

அம்மாடி,

காஷ்மீரில் குல்மார்க்கில் ஸ்கீ (பனிச்சறுக்கு) செய்யப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்றே இருக்கிறேன். போகாதே என்று சொல்லமாட்டேன், பட்டாளத்தில் இருந்தபோது நானும் அந்த மலையில் நின்றவன்தான், அதன் அழகு எனக்குத் தெரியும். ஆனால் கொண்டோலாவில், அதான் அந்தக் கேபிள் காரில், இரண்டாம் கட்டமும் ஏறி, அபர்வத் மலை மேலே 13,000 அடியில் இறங்கியதும் ஒன்றை நினைவில் வை. பாதுகாப்புக்குச் சுற்றிவரும் பேட்ரோல்காரர்கள் கவனித்துக்கொள்ளும் சரிவைத் தாண்டிவிட்டால், அங்கே பனியைச் சோதித்துப் பார்க்க யாரும் கிடையாது.

பனி கொட்டுகிற நாளைப் பற்றி எனக்குப் பயமில்லை, அன்றைக்கு யாரும் மேலே போகமாட்டார்கள். மறுநாள் வானம் வெளுத்து வெயில் அடிக்கும் பார், முழங்கால் அளவு புதுப்பனி யார் காலும் படாமல் கிடக்கும், அந்தக் காலைதான் எனக்குப் பயம். புதுப்பனி இன்னும் அடியில் இருக்கும் பனியோடு ஒட்டியிருக்காது. போதாததற்கு ராத்திரிக் காற்று, முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பனியையும் வாரிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் குவித்திருக்கும். 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர், எல்லாம் மலைப்பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவில் போனவர்கள்தான்.

பட்டாளத்தில் எங்களைப் பனியில் குழி வெட்டி அடியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிசாக விழுந்த பனி, மேலே கடுங்குளிரும் கீழே தரையின் சூடுமாகக் கிடந்து, பெரிய பெரிய மணியாகிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி உதிரும், எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்க வராது. அதன்மேல்தான் அத்தனை அடிப் பனியும் உட்கார்ந்திருக்கிறது. நீ நடக்கும்போது காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து பனியில் விரிசல் ஓடினாலோ அந்தச் சரிவில் அதற்கு மேல் ஓரடி வைக்காதே, வந்த தடத்திலேயே திரும்பிவிடு. பனிச்சரிவில் மாட்டுபவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட பனியில்தான் மாட்டுகிறார்கள். முன்னால் பத்துப் பேர் போன தடம் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதே, அடியில் பலவீனமான இடம் பதினோராவது ஆளின் காலுக்குக் கீழேதான் இருக்கலாம்.

சரிவு 30 டிகிரியைத் தாண்டினால் கவனம், 45 வரைதான் அதிகம் சரியும். போனிலேயே அளக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் இறங்கவேண்டும், மற்றவர்கள் ஒதுக்குப்புறமாக நின்று அவரையே பார்க்கவேண்டும்.

அப்புறம் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கணும். 2016-இல் சியாச்சினில் நம் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்கள் பத்துப் பேர் புதைந்தார்களே, ஆறு நாள் கழித்து அவர்களில் ஹனுமந்தப்பா என்பவரை உயிரோடு எடுத்தார்கள், அவரும் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்படி ஆறு நாள் எல்லோருக்கும் கிடைக்காது. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கலாம், அரை மணி தாண்டினால் பாதிப் பேர்கூட மிஞ்சமாட்டார்கள். சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும், கையால் தோண்டவே முடியாது. மீட்புக்காரர்கள் கீழிருந்து வருவதற்குள் நேரம் போய்விடும், உன்னை எடுக்கப்போவது உன் பக்கத்தில் நிற்பவர்தான். அதனால் ஹோட்டல் வாசலிலேயே ஒரு பீக்கனைப் புதைத்துவைத்துத் தேடிப் பழகுங்கள், எல்லோரும்.

குழுவில் ஒருத்தரிடம் பீக்கன் இல்லையென்றாலும் நீ அவர்களோடு பேட்ரோல்காரர்கள் பார்க்கும் சரிவின் எல்லையைத் தாண்டாதே. கொண்டோலாவிலேயே கீழே இறங்கிவிடு, வழிகாட்டிக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும், அப்பா தருகிறேன்.