பால் பொங்கிய பாட்டு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி மட்டும் மழை வரும் நாட்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாயே, "இருபத்து மூன்று நிமிடம் ஒரே பாட்டு, அதில் அப்படி என்னதான்ப்பா இருக்கிறது?" என்று. கூட வேலை பார்க்கும் பையன் ஜெனசிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' பாட்டைப் போட்டுக் காட்டினான், நீ பாதியிலேயே டீ போட எழுந்து போய்விட்டாய் என்றும் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாட்டை உனக்கு ஏற்கெனவே தெரியும். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நம் வீட்டில் ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்ததே, அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். 1984-இல் நான் பாலிடெக்னிக் மாணவன். காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். விடுதி நண்பன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, மற்ற பாட்டுகளுக்குக் கீழே இதையும் எழுதிக் கொடுத்தேன். பாட்டு எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியாது, கடைக்காரரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டால், நன்றாக ஏறிக்கொண்டிருந்த இடத்தில் 'டக்' என்று நின்றது. திரும்பப் போய்க் கேட்டேன். "நாடா தீர்ந்துபோச்சு தம்பி, பாட்டு அவ்வளவுதான்" என்றார். பதினேழு ஆண்டுகள் எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

அது நின்ற இடம் எப்படிப்பட்டது தெரியுமா? பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மேலே, குழுவின் கீபோர்டுக்காரர் டோனி பேங்க்ஸின் ஆர்கன், கீழே ஒன்பது ஓடுவதே தெரியாததுபோல் தன் போக்கில் போகும். எங்கே முட்டும், எங்கே சேரும் என்று தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே இருப்பேன். நம் ஊர்த் தவில்காரருக்கு ஏழும் ஒன்பதும் அன்றாடச் சோறு, அதனால் எண்ணிக்கை எனக்கு அதிசயமாகப் படவில்லை. ஆனால் நம் கச்சேரியில் எடுத்த தாளம் பாட்டு முடியும்வரை மாறாது. இவர்கள் நடுவழியில் பாதையையே மாற்றிவிடுவார்கள். பிங்க் ஃப்ளாய்ட் என்ற குழுவின் 'மணி' (Money) பாட்டைக் கேட்டுப் பார். காசு குலுங்கும் ஓசை, கல்லாப்பெட்டி ஓசை எல்லாவற்றையும் நாடாவில் அடிக்கோல் வைத்து அளந்து, சம துண்டுகளாக வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கையாக்கியிருக்கிறார்கள். பாட்டும் ஏழிலேயே போகும். கிட்டார் தனியாக எழும்பும்போது மட்டும் சட்டென்று நான்குக்கு மாறும். மேட்டில் மிதித்துக்கொண்டிருந்த சைக்கிள் இறக்கத்தில் விட்டதுபோல் இருக்கும்.

2001-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் 'ஃபாக்ஸ்டிராட்' சிடியைக் கொடுத்தான். 1972-இல் வந்த ஆல்பம், இந்தப் பாட்டு அதில்தான் இருக்கிறது. அம்மா பாலை அடுப்பில் வைத்து என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். ஒன்பது அடி வந்தது. கேசட் நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை. ஆர்கன் ஏறிக்கொண்டே போய், முதல் நிமிடத்தில் கேட்ட அதே மெட்டு திரும்பி வந்தது. தொடக்கத்தில் அது சின்ன விஷயம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தன்னவளின் முகத்தைப் பார்க்கும் ஒருவன், இரண்டு மூன்று கிட்டார், தாழ்ந்த குரல், அவ்வளவே. இருபது நிமிடம் கழித்து, போர், கோமாளித்தனம், உலக முடிவு எல்லாம் தாண்டி அதே வரி வரும்போது டிரம்ஸும் மணியோசையும் சேர்ந்து வருகின்றன. வீட்டை விட்டுப் போன பையன் மீசையோடு வாசலில் வந்து நின்றதுபோல் இருந்தது எனக்கு. பால் அடுப்பு மேடையெல்லாம் வழிந்து தரைக்கு வந்துவிட்டது. நீ அதில் கால் வைத்து வழுக்கினாய். அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

நீ டீ போடப் போன நேரத்தில்தான் அது திரும்பி வந்திருக்கும்.

ஜெனசிஸ் பையன்களிடம் இப்படி நீளமாகப் பாட்டுக் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் படித்தேன். ராக் இசை அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸிலிருந்து பிறந்தது. ஆனால் ஜெனசிஸைத் தொடங்கியவர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்ற விடுதிப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் காதில் தேவாலயப் பாட்டும் பியானோ வகுப்பும் நிறைய இருந்தன, இருந்ததை எடுத்துப் போட்டுச் சமைத்தார்கள். எல்.பி. தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் என்பதும் வசதியாகப் போயிற்று. 1969 அக்டோபரில் வந்த கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பத்தைத்தான் பலரும், இப்படி நீளமாக, தாளம் மாற்றி வாசிக்கும் புரோகிரசிவ் ராக்கின் தொடக்கம் என்கிறார்கள். அதில் மேகம் கவிந்ததுபோல் வரும் வயலின் கூட்டம் வயலினே இல்லை. மெல்லோட்ரான் என்ற கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் உண்மையான இசையைப் பதிந்த ஒரு நாடாத் துண்டு. அழுத்தினால் ஓடும், எட்டு நொடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். இதைப் படித்தபோது காந்திபுரம் கடைக்காரர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

இனி உன் ஊர் மான்செஸ்டர் கதை. பீட்டர் தெரு வழியாக வேலைக்குப் போகிறேன் என்றாயே, அங்கே ஓட்டலாகிவிட்ட பழைய கட்டடம்தான் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற கச்சேரி அரங்கம். 1973-இல் யெஸ் என்ற இன்னொரு புரோகிரசிவ் குழு, யோகானந்தரின் சுயசரிதையில் வரும் ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு, நான்கே பாட்டில் இரண்டு தட்டுகளை நிரப்பியது. பிரிட்டனில் அது முதலிடமும் பிடித்தது. ஆனால் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. அந்த ஃப்ரீ டிரேட் ஹால் மேடையில் வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அப்பளத்தோடு கறிச்சோறு வரவழைத்துச் சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே கட்டடத்தின் மாடியிலிருந்த சின்ன அரங்கில் 1976 ஜூன் 4-ஆம் தேதி செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு வாசித்தது. மூன்று நிமிடப் பாட்டு, கோபம், வேகம், அதுதான் பங்க். பங்க் வந்து புரோகிரசிவைக் கொன்றது என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. விருந்து வைத்தவர்களே இலையை மடித்துவிட்டார்கள், பங்க் வந்து இலையை எடுத்துப்போட்டது.

பிறகு ஜெனசிஸும் யெஸ்ஸும் சின்னப் பாட்டுகள் போட்டுப் பணம் பார்த்தார்கள். அந்தக் காலத்தை நான் அதிகம் கேட்பதில்லை. 1997-இல் நடந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. மாரிலியன் என்ற பிரிட்டிஷ் குழுவுக்கு அமெரிக்கா போய் வாசிக்கக் காசில்லை என்று தெரிந்ததும், ரசிகர்களே இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து சுமார் 60,000 டாலர் திரட்டி அவர்களை வரவழைத்தார்கள். டிரீம் தியேட்டர், டூல் போன்ற குழுக்கள் இந்தத் தாளக் கணக்கு வழக்கையெல்லாம் மெட்டல் என்ற உரத்த ராக்குக்குள் கொண்டுபோயின. டூல் எனக்குக் காது வலி. உனக்குப் பிடிக்கலாம்.

நீ ஒன்று செய். அந்தப் பாட்டை மறுபடி போடு. டீயை முன்னாலேயே போட்டு வைத்துக்கொள். நடுவில் பாடகர் பீட்டர் கேப்ரியல் பூவைப் பற்றி ஏதோ உளறுவார், மேடையில் அதற்குப் பூ முகமூடியே மாட்டிக்கொள்வார். அங்கே எரிச்சல் வரும், எனக்கு இன்றும் வருகிறது. நிறுத்தாதே. கடைசியை மட்டும் தனியாகத் தள்ளிப் போட்டுக் கேட்டுவிடாதே.

பருப்புப் பொடியும் கருவேப்பிலைப் பொடியும் செவ்வாய்க்கிழமை பார்சலில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய், முதலில் என்னிடம் பேசு. இப்போது பால் அடுப்பில் இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தானே பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா