என்னைத் தூங்க விடாதவர்களுக்கு நன்றி

காவேரிப்பட்டணத்துச் சொந்தக்காரர்களுக்கும் பேக்டரி நண்பர்களுக்கும் வணக்கம். எனக்கு இப்போது ராத்திரியில் தூக்கம் வருகிறது. உங்களில் பலருக்கு இது ஒரு சேதியே இல்லை, எங்கள் வீட்டில் இது பெரிய சேதி. இதற்குக் காரணமானவர்கள் யாரும் என்னைத் தாலாட்டித் தூங்க வைக்கவில்லை. படுக்க விடாமல், டீ குடிக்க விடாமல், விடிவதற்குள் கதவைத் தட்டி, ஆளாளுக்குத் தொல்லைதான் கொடுத்தார்கள். அந்தத் தொல்லைக்குத்தான் இந்த மடல்.

மாம்பழ சீசனில் எங்கள் மாங்கூழ் பேக்டரி எப்படி இருக்கும் என்று கிருஷ்ணகிரி பக்கம் சொல்லவே வேண்டாம். பெங்களூரா ரக மாங்காய் லோடு டிராக்டரிலும் டெம்போவிலும் விடிய விடிய நிற்கும், எனக்கு எடைமேடையில் நைட் டூட்டி. சீசன் முடிந்தது, டூட்டி பகலுக்கு மாறியது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. ஏன் என்றுதான் புரியாமல் கிடந்தேன்.

முதல் நன்றி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு டாக்டரம்மாவுக்கு. அந்தப் பிரிவுக்குப் போகிறோமே என்று எனக்குக் கூச்சம், அவருக்கு அதெல்லாம் இல்லை. குறட்டை உண்டா, தைராய்டு பார்த்தாயிற்றா, மனசு சோர்ந்து கிடக்கிறதா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். வாரத்தில் 3 ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதமாக நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மையாம். தூக்கத்தைக் கெடுத்தது நைட் டூட்டிதான், ஆனால் அது போன பிறகும் தொல்லையை வளர்ப்பது நீங்கள் செய்யும் பரிகாரங்கள் என்றார். விட்ட தூக்கத்தைப் பிடிக்கலாம் என்று எட்டரைக்கே படுப்பது, விடிந்தும் புரண்டுகொண்டு கிடப்பது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தூக்கம் போடுவது, இதெல்லாம்தான். விழித்தே கிடந்து கிடந்து, பாயில் தலை சாய்த்தாலே உடம்பு விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறதாம்.

தூங்கின நேரத்தைக் குறித்து வரச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார். குறித்ததைப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பாயில், தூக்கமோ ஐந்தரைதான். சரி, அப்படியென்றால் ராத்திரி பதினொன்றரைக்குப் படுங்கள், ஐந்துக்கு எழுந்துவிடுங்கள் என்றார். தூக்கமே இல்லை என்று போனவனிடம் படுக்கும் நேரத்தையும் பிடுங்கினால் கோபம் வருமா வராதா? ஆனால் இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததில்லை. தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு என்பதை ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-லேயே எழுதியிருக்கிறார், படுக்கும் நேரத்தைக் குறைக்கும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் என்ற இன்னொரு உளவியலாளர் 1987-ல் வெளியிட்டார். பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரிப் பயிற்சிகளைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2016-ல் சொல்லிவிட்டது.

படித்தால் சுலபம், பதினொன்றரை வரை கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் பெரும்பாடு. எங்கள் மச்சான் தினமும் திண்ணையில் வந்து உட்கார்ந்து, நிலத் தகராறிலிருந்து நாட்டு அரசியல் வரைக்கும் பேசியே என்னை விழிக்க வைத்தார். முதல் வாரங்களில் பகலெல்லாம் தள்ளாட்டம், அப்போது பைக் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பேக்டரிக்குக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். என் மனைவியைப் பற்றி என்ன சொல்ல. நடுராத்திரியில் நான் புரள்கிற சத்தம் கேட்டால் போதும், "எந்திரிச்சுப் போய் வெளிய உக்காருங்க, தூக்கம் வந்தா வாங்க" என்று விரட்டிவிடுவாள். பாவம், அவள் தூக்கமும் கெட்டது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா பால் சொசைட்டிக்குப் போகும்போது ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுவார், ராத்திரி எப்படித் தூங்கினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எழும் நேரம் மாறக்கூடாது என்பதுதான் இதில் முக்கியம், அதைக் காப்பாற்றியது அவர் கைத்தடி.

டீக்கடை அண்ணனுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். சாயங்கால டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்று நான் சொன்னதைக் கேட்டு, மத்தியானத்துக்கு மேல் காசு நீட்டினாலும் டீ தரமாட்டேன் என்றுவிட்டார், வியாபாரி செய்கிற காரியமா இது! டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கிடையாது என்று திருப்பி அனுப்பிய மெடிக்கல் தம்பிக்கும் நன்றி, அன்றைக்குத் திட்டியதை மறந்துவிடு தம்பி. அம்மா திருஷ்டி சுற்றிப்போட்டு, ஜாதிக்காய்ப் பாலும் காய்ச்சிக் கொடுத்தார். பால் வேலை செய்ததா தெரியாது, குடிக்க நன்றாக இருந்தது.

படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும், வாரம் ஒரு கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தைக் கூட்டினார் டாக்டரம்மா. இப்போது பத்தரைக்குப் படுக்கிறேன். ஏதோ ஒரு ராத்திரி விழிப்பு வரும், வந்தால் வரட்டும் என்று திண்ணைக்குப் போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும். வலிப்பு, இருமுனை மனநோய் உள்ளவர்களும், லாரி ஓட்டுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தூக்கத்தைக் குறைக்கும் வேலையில் இறங்க வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி போன் டெலி மானஸ் இருக்கிறது, நம்பர் 14416, இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். அந்தத் தூக்கத் தாள் வேண்டும் என்றால் என்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது, வீட்டுக்கு வாருங்கள். எட்டு மணிக்கு மேல் வந்தால் மச்சானும் இருப்பார், அவர் பேச்சுக்கு நான் பொறுப்பில்லை.