மூன்று மணிக்கு வந்த படம்

கண்ணம்மா,

குட்டி கொட்டாவி விடும் படம் வந்தது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பார்த்தது நீ அனுப்பிய நேரத்தை. மூன்று பத்து. அதற்கு முந்தின நாள் இரண்டு நாற்பது.

பாலுக்கு எழுந்திருப்பாய், தெரியும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கேட்கும். இரவு, பகல் அதற்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் அது தூங்கிய பிறகும் நீ... சரி, விடு.

ராத்திரி பெரிய விளக்கைப் போடாதே. பால் கொடுக்கும்போது கொஞ்சாதே, பகலில் கொஞ்சிக்கொள்ளலாம். மாப்பிள்ளையை எழுப்பு. ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அவர் செய்யட்டும். பால் கொடுத்த கையோடு குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு வேறு அறையில் போய்ப் படு. பிழிந்து வைத்த பால் இருந்தால் நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்கலாம். துண்டு துண்டாகத் தூங்கினால் உடம்பு தேறாது. அசதியில் குழந்தையோடு சோபாவில் மட்டும் கண்ணயர்ந்துவிடாதே, ஆபத்து. அதை அதன் படுக்கையில் மல்லாக்கப் போடு. மாப்பிள்ளையை எழுப்பு.

எதையும் தனியாகவே செய்து முடிப்பவள் நீ. எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இல்லை, நீ சொன்னாய். முதல் வாரமே, "தூக்கமே வரலைம்மா" என்றாய். "நாங்கள் எல்லாம் பிள்ளை வளர்க்கலையா" என்று வாயை அடைத்தது நான்தான். அதன்பிறகு "நல்லா இருக்கேன்மா" தவிர உன்னிடமிருந்து எதுவும் வருவதில்லை.

நான் நன்றாக ஒன்றும் வளர்க்கவில்லை. நீ தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. மூச்சு வருகிறதா என்று உன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு ராத்திரி நீ வீறிட்டு அழ, உன்னைப் படுக்கையில் விட்டுவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பாட்டி தட்டித் தட்டித்தான் திறந்தேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தை தூங்கியும் உனக்குத் தூக்கம் வரவில்லை என்றால், உன் அழுகை இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லிவிடு. அதற்கு வைத்தியம் இருக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்தும் உண்டு. உன்னிடம் குறை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நான் நினைக்க மாட்டேன்.

மூன்று மணிக்கும் கூப்பிடலாம். போனைச் சத்தம் கூட்டித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

அம்மா