பாட்டிலைத் திறந்த தேதி முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கஞ்சா பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நோய்க்கு, யாருக்குத் தரலாம் என்பதெல்லாம் தெளிவாகவே இருந்தது. ஆனால் வாங்கிய மருந்தை வீட்டில் எங்கே வைப்பது, எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மருந்தாளுநரான எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

என்னிடம் வருகிறவர்கள் பெட்டியைத் திருப்பி, "காலாவதியாக இன்னும் ஒரு வருஷம் இருக்கே" என்று காட்டுவார்கள். அந்தத் தேதி திறக்காத பாட்டிலுக்கானது. மூடியைத் திறந்துவிட்டால் கணக்கே வேறு. கஞ்சாவிலிருந்து எடுத்து வலிப்பு நோய்க்குத் தரும் எபிடியோலெக்ஸ் திரவத்தைத் திறந்த 12 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். மிச்சமிருந்தால் பயன்படுத்தக் கூடாது. அதை அறை வெப்பநிலையில்தான் வைக்க வேண்டும். வாயில் அடிக்கும் இன்னொரு கஞ்சா மருந்தான சாடிவெக்ஸ் ஸ்பிரேயோ திறக்கும்வரை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்கு மிகாத இடத்தில் வெளியே வைக்கலாம். 10 மில்லி பாட்டிலுக்கு 42 நாள்தான் கெடு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனை இங்கே உதவாது. அந்தந்த மருந்தின் தாளைத்தான் படிக்க வேண்டும்.

கஞ்சாவைக் காய்ந்த பூவாக வாங்குபவர்களுக்கு முதல் எதிரி வெளிச்சம், அப்புறம் சூடும் காற்றும். இவற்றால் அதிலுள்ள முக்கிய வீரியப் பொருளான டிஹெச்சி மெல்ல மெல்ல சிபிஎன் என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறுகிறது. மிசிசிப்பி பல்கலைக்கழகம் 1990களில் சோதித்தபோது, அறை வெப்பநிலையில் வைத்த கஞ்சாவில் ஓராண்டில் ஏறத்தாழ 17 சதவீதமும், நான்கு ஆண்டுகளில் 41 சதவீதமும் டிஹெச்சி குறைந்திருந்தது.

இதில் என்னைக் கவலைப்பட வைப்பது வீண்செலவு இல்லை. பழைய சரக்கு சரியாக வேலை செய்யாதபோது நோயாளி தானாகவே அளவைக் கூட்டிக்கொள்கிறார். புதிதாக வாங்கியதும் கூட்டிய அதே அளவை எடுக்கிறார். தலைசுற்றல், படபடப்பு, வயதானவர் என்றால் கீழே விழுவது வரை போகிறது. அளவை மாற்றுவதற்கு முன்பு மருந்து எவ்வளவு பழையது என்று பாருங்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

பூவை இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில், இருட்டான அலமாரியில் வைத்தால் போதும். ஃப்ரீசர் வேண்டாம், மருந்துச் சத்து நிறைந்த மெல்லிய சுரப்பிகள் உறைந்து உதிர்ந்துவிடும். பாட்டிலுக்குள் ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும். வெண்துகளோ மக்கிய வாடையோ தெரிந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். கீமோதெரபி எடுப்பதால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலை, இப்படிப் பிடிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை கடுமையாகத் தாக்கக்கூடும்.

மிட்டாய் வடிவில் வருபவற்றைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். குழந்தைக்கு அது வெறும் மிட்டாய்.

மருந்து கொடுக்கும்போதே, "திறந்த நாள்" என்று எழுத ஒரு சிறிய ஸ்டிக்கரை நான் பாட்டிலில் ஒட்டித் தருகிறேன். மற்ற மருந்தாளுநர்களும் இதைச் செய்யலாம். இந்த மருந்துகளைப் பற்றி அடுத்து எழுதும்போது, பாதுகாக்கும் முறைக்கும் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர்