கரும்புள்ளிப் பூஞ்சையும் அமில உணர்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாம்பழத் தோலில் கடுகளவாகத் தோன்றி, இரண்டொரு நாளில் ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளமாக அமுங்கிவிடும் கரும்புள்ளிக்கு ஈரப்பதத்தை மட்டுமே காரணமாகச் சொல்வது போதாது. அதை உண்டாக்கும் கொலட்டோட்ரைக்கம் போன்ற பூஞ்சைகள், தம்மைச் சூழ்ந்துள்ள இடம் அமிலமா காரமா என்று அறிந்தே செயல்படுகின்றன.

இந்த அறிதலின் வழி ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் பால்-எச் என்ற புரதம் வெளியிலுள்ள காரத்தன்மையை உணர்ந்ததும், பால்-எஃப் முதலிய புரதங்கள் வழியாகச் செய்தி உள்ளே சென்று, பேக்-சி என்னும் புரதம் 72 கிலோடால்டனிலிருந்து (புரதங்களின் எடையைக் குறிக்கும் அலகு) 53 ஆகவும், பின்னர் 27 ஆகவும் வெட்டப்படுகிறது. அவ்வாறு குறுகிய வடிவமே காரச் சூழலுக்கான மரபணுக்களை முடுக்கி, அமிலச் சூழலுக்கானவற்றை அடக்குகிறது. தன் உடலில் பாதிக்கு மேல் இழந்த பிறகே ஒரு புரதம் வேலையில் இறங்குவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வெண்ணெய்ப்பழத்தில் கொலட்டோட்ரைக்கம் அம்மோனியாவைச் சுரந்து அமிலத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆப்பிளை அழுகச் செய்யும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூஞ்சையோ குளுக்கோனிக் அமிலத்தால் அதைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே, பழ அழுகல் பற்றிய குறிப்புகளைத் தங்கள் வேளாண் பக்கத்தில் வெளியிடும்போது, எந்தப் பூஞ்சை என்பதையும் தவறாமல் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்